அம்மாவின் இருக்கையில் ஒரு கெடாக்காரி

நீலச் சட்டைக்காரியே, என் செல்ல எதிரியே, என் அம்மாவே,

நீ போன பிறகு பினாங்கும் கெடாவும் மோதிய முதல் கால்பந்து ஆட்டத்தைப் பற்றி நானே உனக்குச் சொல்லிவிட வேண்டும். தம்பி சேகரிடம் விட்டால் கெடுத்துவிடுவான். அவன் தினமும் உன் படத்துக்கு முன்னால் நின்று ஏதோ முணுமுணுக்கிறான், ஆனால் அவனுக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றைக்கும் தெரியாது. அதனால் நான் எழுதுகிறேன். பக்கத்தில் நின்று வாசிக்கிறவர்கள் வாசித்துவிட்டுப் போகட்டும், உனக்குத்தான் கூட்டம் என்றால் பிடிக்குமே.

முதலில் வீட்டுச் செய்தி. நம் ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் லிஃப்டைச் சரி செய்துவிட்டார்கள். ஆமாம், இப்போதுதான். நீ இருந்தவரை உன்னைப் படியேற வைத்துவிட்டு, நீ போனதும் ஜம்மென்று ஓடுகிறது, பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சேகரின் மகள் தவழ ஆரம்பித்துவிட்டாள். அவளை உன் பக்கம் இழுக்க நீ வாங்கி வைத்த நீலப் பந்தைக் கடித்துத் துப்பிவிட்டாள், நல்ல பிள்ளை. நான் அதே பட்டர்வொர்த் வீட்டில்தான் இருக்கிறேன், அதே மாக் மண்டின் தொழிற்சாலைக்குத்தான் போகிறேன், இன்னும் கெடாவுக்குத்தான் கைதட்டுகிறேன்.

இந்தக் கடைசி விஷயத்தால்தான் எனக்கும் சேகருக்கும் ஒரு வாரம் சண்டை.

பினாங்கில் பிறந்த பெண் எப்படிக் கெடாக்காரி ஆனாள் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். நான் உன்னைத்தான் கைகாட்டுகிறேன். எனக்கு ஏழு வயது. பள்ளி கேண்டீனில் மீ கோரெங் பிரட்டிவிட்டு, அந்த எண்ணெய் வாசத்தோடு என்னை முதன்முதலாக அரங்குக்கு இழுத்துப் போனாய். ஆட்டம் தொடங்கிவிட்ட அவசரத்தில் கவுண்டரில் தந்த டிக்கெட்டைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாய். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, சுற்றிலும் பச்சையும் மஞ்சளும். கெடாவின் அலோர் ஸ்டாரிலிருந்து வந்த கூட்டத்தின் நடுவில் நீ ஒருத்தி மட்டும் நீலச் சட்டையில்.

எழுந்து போயிருக்கலாம் இல்லையா? உனக்கு ரோஷம். அங்கேயே உட்கார்ந்து, தொண்டை கிழியப் பினாங்குக்குக் கத்தினாய். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா ஒருத்தி உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் பச்சை மஞ்சள் துண்டை என் கழுத்தில் சுற்றிவிட்டு, வேர்க்கடலையும் கொடுத்தாள். அன்றைக்குக் கெடா ஜெயித்தது. வீட்டுக்கு வந்தும் அந்தத் துண்டை நான் கழற்றவில்லை. "ஒரே ஒரு தடவ தப்பா டிக்கெட் எடுத்தேன், ஆயுசு பூரா அனுபவிக்கிறேன்" என்று நீ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாய்.

பிறகு வந்ததுதான் நம் வீட்டுச் சட்டம். பினாங்கும் கெடாவும் மோதினால், தோற்ற பக்கத்துக்காரி ஞாயிறு காலையில் ஜெயித்தவளின் ஜெர்சியை மாட்டிக்கொண்டு ஆயர் ஈத்தாம் பசாருக்குப் போய் மீன் வாங்கி வர வேண்டும். என்ன மீன் என்பதை ஜெயித்தவள் சொல்வாள். நீ ஜெயித்தால் கூசாமல் வௌவால் மீன் கேட்பாய், அதுவும் பெரியதாக. எனக்குக் கல்யாணமாகி அக்கரையில் பட்டர்வொர்த்துக்குப் போன பிறகும் இதற்காகவே ஃபெரி ஏறி வருவேன். மழையா, காய்ச்சலா, விருந்தாளியா, எதற்கும் விலக்கு கிடையாது.

ஆஸ்பத்திரிக்கும் விலக்கு கிடையாது என்று நீயே காட்டிவிட்டாய். அந்த ஞாயிறு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முந்தின நாள் அலோர் ஸ்டாரில் ஆட்டம். வார்டுக்கு வெளியே சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அம்மாகிட்ட பினாங்கு ஜெயிச்சிருச்சுன்னு சொல்லு லா. ஒரு பொய்தானே, சந்தோஷமா இருக்கட்டும்."

நான் உள்ளே வந்தேன். நீ வாயிலிருந்த மாஸ்க்கை நகர்த்திவிட்டு, எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், "என்னடி ஆச்சு?" என்றாய்.

"ரெண்டு கோசோங். நீங்க ஒண்ணுகூடப் போடல."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். சேகர் என்னைக் கொன்றுவிடுவது போலப் பார்த்தான். அப்புறம் உன் வயிறு குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாய்.

"நல்ல வேள. நீ மட்டும் பினாங்கு ஜெயிச்சதுன்னு சொல்லியிருந்தா, டாக்டரு என்னைக் கைகழுவிட்டாருன்னு நெனச்சிருப்பேன். சரி, சட்டம்னா சட்டந்தான். ஜெர்சி கொண்டாந்தியா?"

கொண்டுதான் வந்திருந்தேன். கையில் ட்யூப் இருந்ததால் உன்னால் மாட்டிக்கொள்ள முடியவில்லை. மார்பின் மேல் விரித்துக்கொண்டு, மருந்து கொடுக்க வந்த நர்ஸிடம் "இது தண்டனை, வேற ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றாய். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாய்.

"நான் படுத்துட்டேன்னு விட்டுக் குடுத்துடாத புவனா. நீ விட்டுக் குடுத்தா எனக்குப் பயமா இருக்கும்."

புதன்கிழமை நீ போய்விட்டாய்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். கிண்ணப் போட்டியில் மறுபடியும் பினாங்கும் கெடாவும். முதல் ஆட்டம் நம் நகர அரங்கில், இரண்டாவது அலோர் ஸ்டாரில். சேகர் உன் நீல ஜெர்சியைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். அதைப் போட்டுக்கொண்டு உன் இருக்கையில் நான் உட்கார வேண்டுமாம்.

"ஒரு நாளைக்கு அம்மாவுக்காகப் போடேன்க்கா. எல்லாரும் பாத்து நெகிழ்ந்து போயிடுவாங்க."

"யாரும் நெகிழ வேணாம். பந்து பாக்கப் போறோமா, படையலுக்குப் போறோமா?"

"உனக்கு மனசே இல்லையா? செத்தவங்ககிட்டயும் போட்டியா?"

அது சுருக்கென்று தைத்தது, அம்மா. இரண்டு நாள் அந்த ஜெர்சியை நாற்காலியில் போட்டுவிட்டு, அதன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவன் சொல்வதில் அன்பு இருக்கிறது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பேச்சுக்கு நான் நீலம் போட்டுவிட்டால், நமக்குள் இருந்த சண்டை முடிந்துவிட்டது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா? ஊரில் எல்லா அம்மாக்களும் பெண்களும் ஃபோனில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று பேசிக்கொள்வார்கள். நாம் பேசியதெல்லாம் பெனால்டியும் நடுவரும்தானே. அந்தச் சண்டைக்குள்ளேதான் நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்பதையெல்லாம் நீ தெரிந்துகொண்டாய். அதை விட்டால் உன்னிடம் பேச எனக்கு வேறு பாஷை கிடையாது.

சனிக்கிழமை என் பச்சை மஞ்சளைப் போட்டுக்கொண்டு ஃபெரி ஏறினேன். ஏறும்போதே நீலச் சட்டைப் பையன்கள் கேலி பண்ணினார்கள். நானும் விடவில்லை. இக்கரை வந்து சேர்வதற்குள் அவர்களே எனக்கு இடம் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

உன் இருக்கை உனக்குத் தெரியும், தூணுக்குப் பக்கத்தில் இருப்பது. முதுகு சாய வசதி என்று நீ பிடித்து வைத்துக்கொண்ட இடம், ஆனால் கார்னர் அடித்தால் கழுத்தை நீட்டித்தான் பார்க்க வேண்டும். அடுத்த இருக்கையில் வழக்கம் போல, உன்னை அக்கா என்று கூப்பிடும் அரங்குத் தோழர், நாசி கண்டார் சோற்றுக் கடை காதர் பாய். நீ போனதிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவர் தன் குடையை உன் இருக்கையில் வைத்து இடம் பிடிக்கிறாராம். என்னைக் கண்டதும் சிரிக்க வாயைத் திறந்தவர், சட்டையைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"என்னம்மா புவனா, இந்தச் சட்டையோட இங்கயா? உன்ன ஒண்ணும் செய்ய மாட்டாங்க. என்னத்தான் அடிப்பாங்க லா."

"அடிச்சா வாங்கிக்குங்க பாய். குடைய எடுங்க."

ஒரு நிமிடம் முறைத்துவிட்டுக் குடையை எடுத்தார். "அக்காவே வந்த மாதிரி இருக்கு" என்றார், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாத மாதிரி, மைதானத்தைப் பார்த்துக்கொண்டு.

முதல் கோல் நாங்கள் போட்டோம். அடேயப்பா, என்ன கோல் தெரியுமா! நீல வரிசையில் நான் ஒருத்தி மட்டும் எழுந்து நின்று கத்தினேன். கத்திவிட்டு உன்னைச் சீண்டுவதற்காகப் பக்கத்தில் திரும்பினேன். உன் இடத்தில்தான் நானே நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மெதுவாக உட்கார்ந்துவிட்டேன்.

இடைவேளைக்குப் பிறகு உன் ஆட்கள் சமன் செய்தார்கள். கடைசியில் இன்னொன்றும் போட்டுவிட்டார்கள். நம் வரிசை முழுக்க எழுந்து குதிக்கிறது, பெஞ்சு ஆடுகிறது, முன்னால் இருந்தவன் தண்ணீர் போத்தலை எங்கள் மேலேயே வீசினான். நான் குனிந்து காத்துக்கொண்டிருந்தேன். பினாங்கு கோல் போட்டால் என் முதுகில் ஓங்கி ஓர் அடி விழுமே, "எப்புடி?" என்று ஒரு குரல் கேட்குமே, அதற்காக. சின்ன வயதிலிருந்து வாங்கிய அடி, உடம்பு தானாகக் குனிந்துவிட்டது. அடி விழவில்லை. அம்மா, நீ இனிமேல் இல்லை என்பது சுடுகாட்டில்கூட எனக்கு அப்படித் தெரியவில்லை.

காதர் பாய் பார்த்திருக்க வேண்டும். குடையைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் என் முதுகில் டொக்கென்று ஒரு தட்டுத் தட்டினார்.

"எப்புடி? அக்கா குடுக்கச் சொல்லுச்சு."

நான் திரும்பி அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். ஒன்றுக்கு இரண்டு, நீங்கள்தான். அந்த இரண்டாவது கோல் ஆஃப்சைடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நீ அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அன்றிரவு நம் ஃபிளாட்டிலேயே தங்கினேன். ஞாயிறு காலையில் குளித்துவிட்டு, உன் நீல ஜெர்சியை எடுத்து மாட்டிக்கொண்டேன். உன் உயரத்துக்கு வாங்கியது, எனக்கு இடுப்பில் நிற்கிறது, கக்கத்தில் பிடிக்கிறது. கூடையோடு வெளியே வந்தால், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சேகர் அப்படியே நின்றுவிட்டான்.

"இதத்தானே நான் போடச் சொன்னேன்! அன்னைக்கு என்ன ஆட்டம் ஆடுன?"

"நேத்துப் போட்டிருந்தா அது அம்மா செத்ததுக்காக. இன்னைக்குப் போட்டது நாங்க தோத்ததுக்காக. அம்மா எதுக்குடா சிரிக்கும்?"

அவன் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடையை வாங்கிக்கொண்டான். "நானும் வரேன்க்கா" என்றான். முதல் தடவையாக அவன் பசாருக்கு வந்தான்.

மீன் கடைச் சீன அங்கிள் தூரத்திலேயே உன் சட்டையை அடையாளம் கண்டுகொண்டார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மலாயில் உன் பேரைச் சொல்லி ஏதோ ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"அங்கிள், அதுக்கில்ல. கெடா காலா. அதான்."

கெடா தோற்றுவிட்டது என்பது அவருக்கு உறைக்க ஒரு நொடி ஆனது. பிறகு பசாரே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். பக்கத்துக் கோழிக் கடைக்காரனைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். நண்டுக்காரியைக் கூப்பிட்டார். நீ இருந்தபோது என்னை எப்படிப் பாடாய்ப் படுத்துவாரோ, அதே பாடு. ஒரு குறையும் வைக்கவில்லை.

அங்கேயே நின்று அழுதேன், அம்மா. வாய்விட்டு, கடை நிறைய ஆட்கள் பார்க்க. கெடா தோற்றதற்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, ஜெயித்தவள் என்ன கேட்பாளோ அதையே வாங்கினேன். பெரிய வௌவால் மீன். குழம்பு வைத்து முதலில் உனக்குத்தான் படைத்தோம், தலைத்துண்டு உனக்கு.

இரண்டாவது ஆட்டம் அலோர் ஸ்டாரில். சேகர் தானும் வருகிறானாம், ஆஃப்சைடு என்னவென்று வழியில் சொல்லித்தரக் கேட்கிறான். காதர் பாயின் வேனில் போகிறோம். எங்கள் ஊர், எங்கள் கூட்டம், உன் ஆட்களுக்கு அங்கே மூச்சே விட முடியாது. நாங்கள் ஜெயித்தால் மறுநாள் காலையில் உன் படத்துக்குப் பச்சை மஞ்சளைப் போர்த்துவேன், பூவுக்குப் பதில் அதோடுதான் நீ நாள் முழுக்க இருக்க வேண்டும், சொல்லிவிட்டேன். தோற்றால் உன் சட்டையை மாட்டிக்கொண்டு நான் பசாருக்குப் போகிறேன். பாவம் பார்த்து மட்டும் அதை ஒரு நாளும் போட மாட்டேன், உன் மேல் சத்தியம். நீ பயப்படாமல் இரு.

விட்டுக் கொடுக்காத,
உன் வயிற்றில் பிறந்த கெடாக்காரி,
புவனா