உன் பெயருக்கு முன்னால் இருந்த எஸ்.

மகளே,

இன்று காலை ஜேர்மனியிலிருந்து ஒரு சின்னப் பார்சல் வந்தது. உன்னோடு வேலை செய்த பிள்ளைகள் உன் அலுமாரியை ஒதுக்கி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே ஒரு கம்பளித் தொப்பி, நீ போகும்போது அம்மா பையில் வைத்துவிட்ட தைலப் போத்தல், சட்டையில் குத்துகிற ஒரு பெயர்ப்பட்டி. தைலம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அம்மா மூடியைத் திறந்து மணந்துவிட்டு அறைக்குள் போனவள்தான், இன்னும் வெளியே வரவில்லை.

பெயர்ப்பட்டி என் கையில் இருக்கிறது. ஊசிகூடக் கழற்றப்படாத புதுப்பட்டி. அதில் பெரிய எழுத்தில் என் பெயர். சூசை. கீழே ஜேர்மன் பாஷையில் ஏதோ நீளமாக எழுதியிருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் அது என்னவென்று தெரியும். இயன்மருத்துவர். நீ பிசியோ என்பாய்.

எல்லாம் என் பெயரால் வந்த வினை. எங்கள் வீட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், பிள்ளை பெயர் பின்னால், அவ்வளவுதான். பாஸ்போட்டில் நான் முழுதாக இருந்தேன். நீ இங்கே படித்து வாங்கிய பட்டத்திலோ ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப்போனேன். எஸ். பட்டம் எடுத்தவர் வேறு, பாஸ்போட்டில் இருப்பவர் வேறு என்று அந்த நாட்டுக் கந்தோர் உன் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தது. அங்கீகாரம் வரும்வரை நீ தனியாக ஒரு நோயாளியின் காலைப் பிடித்து நடக்கப் பழக்க முடியாது. சக்கர நாற்காலி தள்ளினாய், படுக்கை விரிப்பு மடித்தாய்.

"அப்பா, எஸ். எண்டா ஆர் எண்டு கேக்கிறாங்க."

"நான்தான் எண்டு சொல்லன் பிள்ளை."

"நான் சொன்னாக் காணாதாம். நீங்க சத்தியக் கடதாசி முடிக்கவேணுமாம்."

கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். அங்கே ஒரு பாமசிக்கு மேல்மாடியில், சத்தியக் கடதாசிகளுக்கு முத்திரை குத்துகிற சமாதான நீதவான் ஒருவர் இருந்தார். கடதாசியை மூக்குக்கு நேரே பிடித்து வாசித்தார்.

"எஸ். எண்டா சூசைதான் எண்டு எப்படிச் சொல்றது? சவரிமுத்துவாயும் இருக்கலாம், சந்தியாகுவாயும் இருக்கலாம்."

"ஐயா, அந்த எஸ். நான்தான். உங்களுக்கு முன்னுக்கு நிக்கிறன்."

அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். அதை ஜேர்மன் பாஷைக்கு மாற்றி அனுப்பினோம். அன்று வீட்டுக்கு வந்து நான் அடித்த பெருமையைத் தாங்க முடியாமல் அம்மா சொன்னாள்: "ஓ.எல். சோதினையில கணக்குல கோட்டைவிட்ட மனுசன், பிள்ளைட டிகிரிக்குச் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கிறார்." போனுக்குள் நீ சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த பகிடியும் உன்னிடமிருந்துதான் வந்தது. "இங்க முன்னுக்கு இருக்கிறதைத்தான் ஆளிட பேர் எண்டு எடுக்கிறாங்க அப்பா. எல்லாரும் என்னைச் சூசை எண்டுதான் கூப்பிடுறாங்க. கட்டில்ல கிடக்கிற கிழவன்மாரும்தான்."

"அது ஆம்பிளைப் பேரெண்டு சொல்லு பிள்ளை!"

"அவங்களுக்கு என்ன தெரியும்? வடிவான பேராம்."

என் பெயரை வடிவு என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். பஞ்சிகாவத்தையில் வாகனச் சாமான் கடையில் நிற்கிற எனக்கு, என் பெயர் என்றால் "சூசை, பிரேக் லைனர் எடு" என்கிற சத்தம்தான்.

ஒருவழியாக அங்கீகாரம் வந்தது. நீ அழுதுகொண்டே சிரித்தாய். "இனி நான் ஹெல்ப்பர் இல்லை அப்பா. புதுப்பட்டி அடிக்கக் குடுத்திருக்கிறாங்க."

"இப்பவாவது உன்ர பேரைப் போடச் சொல்லு."

"கேட்டவங்க. நான்தான் வேண்டாம் எண்டனான். அம்மா உங்கட ஓ.எல். கதை சொல்லாத நாளில்லையே. இங்கயாவது நீங்க பாஸாகுங்களன்."

நான் ஏதோ சொல்லிச் சமாளித்து, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குளியலறைக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டேன். உனக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும்.

பட்டி அடித்து வருவதற்குள் அது நடந்துவிட்டது. வேலைக்குப் போகிற வழியில், உறைந்து கிடந்த பனியில், உன் சைக்கிள் வழுக்கியது. அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

கட்டுநாயக்க விமான நிலையத்தில், சரக்கு வந்து இறங்குகிற பக்கத்தில் எங்களை இருத்தி வைத்தார்கள். ஒருவர் கடதாசியைப் பார்த்து "சூசை" என்று கூப்பிட்டார். ஓம் என்று எழுந்து போனேன். உங்கள் பெயரைக் கேட்கவில்லை, பெட்டியில் வந்தவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அதுவும் இதுதான் என்றேன். அவர் கடதாசியையும் என் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

எத்தனை கந்தோர்கள் உன்னையும் என்னையும் வேறு வேறு ஆட்கள் என்று திருப்பி அனுப்பின. அன்றைக்கு மட்டும் அந்த மனிதர், பெயர் பொருந்தவில்லை, இது வேறு யாரோ, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். அவரோ எழுந்து தன் கதிரையை எனக்குத் தந்தார்.

இனி இந்தப் பட்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உன் படத்துக்குப் பக்கத்தில் என் பெயரை வைத்தால் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லியே களைத்துப்போவேன். அதனால் சட்டைப் பைக்குள் போட்டிருக்கிறேன். குனியும்போது நெஞ்சில் முட்டுகிறது.

உன் பட்டத்துக்குள் நான் ஓர் எழுத்தாக ஒட்டிக்கொண்டு போனேன். அங்கே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட போதெல்லாம் நீ திரும்பிப் பார்த்தாய். இப்போது கடையில் யாராவது "சூசை" என்றால் நான் உடனே திரும்புவதில்லை. "மனுசனுக்குக் காதும் போயிற்று" என்று முதலாளி சொல்கிறார். சொல்லட்டும். நீ திரும்புவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு நிற்கிறேன். பிறகுதான் ஓம் என்கிறேன்.

அப்பா