நான் முறுக்கிய இரண்டு சுற்று

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது. வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டதாக உன்னிடம் போனில் சொன்னது பொய். நான்தான் அடித்தேன். பாதி படித்துவிட்டுக் குதிக்காதே, முழுதும் படி.

உன் தங்கைக்கு மூளைவாதம் என்றால் கைகால்தான் என்று நாம் நினைத்திருந்தோம். மூச்சிழுக்கும் தசைக்கும் வலுவில்லையாம், சளியை இருமித் துப்பக்கூட முடியவில்லை. போன தடவை நிமோனியாவில் பிழைத்ததே பெரும்பாடு, இன்னொன்று வந்தால் தாங்கமாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் தெரபி டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் குழாய் கொடுத்தார். உள்ளே ஸ்பிரிங் இருக்கும், அதை மீறி இழுத்தால்தான் காற்று வரும். மூக்கில் கிளிப் மாட்ட வேண்டும், அவளுக்கு உதடு சரியாக மூடாது என்பதால் அம்மா விரலால் உதட்டைக் குழாயோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். தினமும் முப்பது இழுப்பு. அவளுக்கு அது அறவே பிடிக்காது, ஒவ்வொரு நாளும் ரகளைதான். ஸ்பிரிங்கை இறுக்க அடியில் ஒரு திருகு உண்டு, வாரம் ஒருமுறை டாக்டரம்மா அதைக் கால் சுற்று முறுக்குவார், வேறு யாரும் தொடக்கூடாது.

முப்பது வருஷமாக லேத் மிஷினோடு குடித்தனம் நடத்துகிறவன் நான், எனக்குத் தெரியாத ஸ்பிரிங்கா? கால் கால் சுற்றாக இறுக்கி இவள் என்றைக்குத் தேறுவது என்று, ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு சுற்று முறுக்கி வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். மத்தியானம் பைப் ரிப்பேருக்காக ஸ்பானரோடு வீட்டுக்குள் நுழைகிறேன், பிள்ளைக்கு உதடு நீலம், கண் பிதுங்குகிறது, கால் கட்டிலை உதைக்கிறது. உன் அம்மா அவள் வாயைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒண்ணே ஒண்ணுடி, இழுடி என்கிறாள். அந்தப் பயிற்சியை நான் ஒரு நாளும் கூட இருந்து பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் ஒருமுறை, நாம ரெண்டு பேரும் செத்துப்போயிடலாம்டி என்று அவளிடம் அம்மா சொன்னது மட்டும் என் காதில் இருந்தது. கொல்கிறாள் என்றே நினைத்தேன். ஸ்பானரை வீசினேன். உன் அம்மா கையை உயர்த்தித் தடுத்தாள், எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கேட்டும் நிறுத்தவில்லை, முகத்தில் குத்தினேன், மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் பிள்ளையின் சட்டையை நனைத்தது. குழாயை மிதித்து நொறுக்கக் காலைத் தூக்கினபோதுதான் பார்த்தேன், திருகு நான் முறுக்கி விட்ட இடத்திலேயே இருந்தது.

மறுநாள் உன் மாமா பட்டறைக்கு வந்து, என் சட்டையைப் பிடித்து இரும்புத்தூள் குவியலில் தள்ளி மிதித்தார். முன்பல் இரண்டு போயிற்று. பல் டாக்டர்கூட அவ்வளவு சுத்தமாகப் பிடுங்கியிருக்க மாட்டார். வாங்கிக்கொண்டேன். இப்போது எனக்குப் படுக்கை பட்டறையில்தான், திருகை டாக்டரம்மா பழையபடி தளர்த்திக் கொடுக்க, அத்தை வந்து உதட்டைப் பிடிக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே மாமா நெஞ்சில் கை வைத்துத் தள்ளி, கொலைகாரப் பயலே உனக்கு இங்க என்ன வேலை என்றார். அத்தனை பட்டும் என் புத்தி எங்கே போகும், முஷ்டியை ஓங்கிவிட்டேன். உள்ளேயிருந்து அடிக்காதப்பா என்று ஒரு கத்தல். எதிர்வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அம்மா என்று கூப்பிடவே நடுவில் ஒரு மூச்சு வாங்குகிறவளடா உன் தங்கை. மாவுக்கட்டுக் கையோடு உன் அம்மா மாமாவிடம் ஓடிவந்து, ஒரே மூச்சுல சொல்லிட்டாண்ணே, ஒரே மூச்சுல என்று அழுதாள். நான் சந்தோஷப்படுவதா, செத்துப்போவதா என்று தெரியாமல் நின்றேன். ஒன்பது வயதில் அவள் முழுசாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

நீ நூறு வயது நன்றாக இரு. அங்கே யாரிடமும் கை நீட்டாதே, என் ரத்தம் உனக்கும் ஓடுகிறது. இதைப் படித்ததும் என்னை வெட்டிப்போடத்தான் கிளம்புவாய், கிளம்பி வா. ஆனால் ஒன்றை மறந்துவிடாதே, நேரே பட்டறைக்கு வந்துவிடு. வீட்டில் வைத்து அடித்தால் எனக்காகவும் கத்துவாள், பிள்ளைக்கு மூச்சு வாங்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா