நாற்காலிக்குத்தான் காசு

ஜனவரி 9, வியாழன்

இன்று நம் எடைக்குறைப்பு வகுப்பை மொத்தமாக விலைக்குக் கேட்டார்கள். ஒன்பது ஹால், தராசுகள், பெயர்ப்பலகை எல்லாம் சேர்த்து மூன்று கோடி. கேட்டவர், கலக்கிக் குடித்தால் இளைக்கும் என்று டப்பாவில் மாவு விற்கும் கம்பெனியின் முதலாளி. அவர் படியிறங்குவதற்குள் என் நாத்தனார் அவருக்கு ‘மாவுக்காரர்’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

மூன்று கோடி! சில்லறை கேட்டுப் பக்கத்துக் கடைக்கு ஓடியவள் நான். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன், கத்தரிக்காய் விலை கேட்டதுபோல.

ஜனவரி 10, வெள்ளி

காலையில் இவரிடம் சொன்னேன். பேப்பரை மடிக்காமலே, "மூணு கோடிக்கு எத்தன தராசு வாங்கலாம்னு பாக்கறேன்" என்றார். தராசுக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான் பதில் வரும்.

இவர் கடையில் ஆரம்பித்ததுதானே எல்லாம். ஆள் ஏறி நிற்கும் தராசு அறுபது வாங்கிப்போட்டார், ஒன்றுகூடப் போணியாகவில்லை. கெட்ட செய்தியைக் காசு கொடுத்து யார் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்? ஒன்றை வாசலில் வைத்து, எடை பார்ப்பது இலவசம் என்று எழுதினேன். முதலில் ஏறியது நாத்தனார். பிறகு தெருவே ஏறியது. ஏறியவர்கள் போகவில்லை, நின்று புலம்பினார்கள். நின்றவர்களுக்கு நாற்காலி போட்டேன்; அதுவே வாராவாரம் கூடி, இளைத்தவர்கள் இளைத்த கதை சொல்லும் வகுப்பானது. எடை இலவசம், நாற்காலிக்குத்தான் காசு. அதுதான் என் மூளை! இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே என் முதுகில் தட்டிக்கொள்ளத் தோன்றும்.

இளைத்தவருக்கு, எடை திரும்ப ஏறாதவரை, ஆயுள் முழுதும் நாற்காலி இலவசம் என்ற விதியும் தர்ம சிந்தனையில் வந்ததல்ல. முதலில் இளைத்தவள் நாத்தனார். வீட்டுப் பெண்ணிடம் எப்படிக் காசு வாங்குவது? விட்டேன். அடுத்து இளைத்தவர் தையல்காரம்மா. இடுப்பில் கைவைத்து நின்றார். "ஒங்க நாத்தனாருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" வாயை அடைக்க அவருக்கும் விட்டேன். அதுவே சட்டமாகிவிட்டது.

எனக்கும் அறுபது நெருங்குகிறது. மகள் பல் டாக்டர், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டாள். எனக்குப் பிறகும் இது நிற்க வேண்டும். அதனால் விற்கலாம். ஆனால் நிற்கும்படி விற்க வேண்டும்.

ஜனவரி 16, வியாழன்

மாவுக்காரர் பெரிய ஹாலைப் பார்க்க வந்தார். வாசலில் நாத்தனார் மறித்தாள்.

"சார், செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க."

"நான் மெம்பர் இல்லம்மா. இத வாங்க வந்தவன்."

"வாங்கறவரோ விக்கறவரோ, எடை பாக்காம உள்ள போறதில்ல. வெளிய சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க."

மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறினார். எல்லோரும் அப்படித்தான் ஏறுகிறார்கள், மூச்சில் நாலு கிலோ இருப்பதுபோல.

ஆனால் ஆள் கெட்டி. உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். "மேடம், மூணுல ஒருத்தர் ஓசில உக்காந்திருக்கார். ஜெயிச்சவங்கிட்டதானே சந்தோஷமா காசு வாங்கலாம்?"

நான் மட்டும் என்ன யோக்கியம்? இளைத்தவர்களில் பாதிப்பேருக்கு எடை திரும்ப ஏறும், திரும்ப வந்து காசு கட்டுவார்கள். அதுவும் என் வருமானம்தான், மறைப்பானேன்.

மாடி ஹாலில் மட்டும் சோதனை: இளைத்தவர்களுக்கும் பாதிக் கட்டணம். வசூல் ஏறினால் மூன்றரை கோடி தருகிறேன் என்றார். சரி என்றேன்.

ஜனவரி 18, சனி

இளைத்தவர்களிடம் காசு கேட்டதில் நாத்தனாருக்கு என்மேல் கோபம். சாப்பிடக் கூப்பிட்டால், "பசிக்கல அண்ணி." எடைக்குறைப்பு வகுப்பு நடத்துகிறவளிடம் கோபித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி ஏது!

பிப்ரவரி 6, வியாழன்

மாடி ஹாலில் வசூல் ஏறிவிட்டது. மாவுக்காரர் போனில், "பாத்தீங்களா மேடம்?" பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் ஏமாந்துவிட்டேனோ?

பிப்ரவரி 20, வியாழன்

மாடி ஹாலில் தையல்காரம்மா நாற்காலி காலி. இளைத்தவர்களில் பாதிப்பேர் இல்லை. அவர் தையல் கடைக்கே போனேன். யாருடைய பாவாடையையோ பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"பாதிக் காசுதானேம்மா? ஒங்களுக்கு அது ஒரு பெரிசா?"

"காசு இல்லக்கா. போன வருசம் ரெண்டு கிலோ ஏறினப்ப யாரும் கேக்காமலே நான் கட்டலயா?"

"அப்புறம் என்ன?"

ஊசியை எடுத்து, ஊசி குத்தி வைக்கும் பஞ்சில் சொருகினார். "சும்மா உக்காந்தா நான் எளைச்சவ. காசு கட்டி உக்காந்தா நான் இன்னும் குண்டு. ஊர் பாக்குதுல்ல?"

வழி முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். மெடலைக் கொடுத்துவிட்டு மாதாமாதம் வாடகை கேட்டிருக்கிறேன்!

மார்ச் 6, வியாழன்

மாவுக்காரரை மாடி ஹாலுக்குக் கூப்பிட்டேன். எதையும் விளக்கவில்லை. கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்காரச் சொன்னேன், அவ்வளவுதான். இளைத்தவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் பெருத்த உடம்போடு, பெருமூச்சோடு.

புதிதாக ஒரு பெண் வந்தாள், பாங்கில் வேலையாம். எடை பார்த்தாள், உட்கார்ந்தாள், சுற்றிப் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் குனிந்து, மாவுக்காரரிடமே கேட்டாள்:

"சார், எல்லாரும் நம்மள மாதிரியேதான் இருக்காங்க. இங்க யாருக்காவது கொறஞ்சிருக்கா?"

அவர் வரிசை வரிசையாகத் தேடிப் பார்த்தார். பாதியில் பையை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். இந்த ஒரு மாதத்தில் இப்படிப் போனது அவள் ஒருத்தி மட்டுமல்ல. பழையவர்கள் கட்டிய பாதிக் காசில் ஏறிய வசூல், புதியவர்கள் வராமல் இறங்கிக்கொண்டிருக்கிறது.

படியில் நின்று கேட்டேன்: "சார், ஒங்க டப்பா மேல ஒல்லியா ஒரு பொண்ணு படம் போடறீங்களே, அந்தப் பொண்ணுக்குக் காசு குடுக்கறீங்களா, இல்ல அதுகிட்ட வாங்கறீங்களா?"

சிரித்துவிட்டார். "நாளைக்கே கட்டணத்த எடுத்துடுங்க மேடம்."

"இன்னைக்கே எடுத்தாச்சு" என்றேன்.

மார்ச் 8, சனி

இளைத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் நேரில் போனோம், நானும் நாத்தனாரும். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தோம். தையல்காரம்மா சுலபத்தில் விடவில்லை. "முன் வரிசைல போடுவீங்களா?" முன் வரிசைதான். வியாபாரம் பண்ண நானே அவரிடம் கற்க வேண்டும்.

நாத்தனார் இன்று என் வீட்டில் சாப்பிட்டாள். அளந்துதான்.

மார்ச் 13, வியாழன்

மாடி ஹாலில் நாற்காலி பற்றவில்லை, கீழ்க்கடையில் ஆறு இரவல் வாங்கினோம். தையல்காரம்மா பழைய பாவாடையைத் தன் இடுப்பில் சுற்றிக் காட்ட, அது இரண்டு சுற்று வந்தது. பாங்குப் பெண்ணை நாத்தனார் போய் அழைத்து வந்திருந்தாள். வந்தவள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாவுக்காரர் முன்பே வந்து, கேட்காமலே செருப்பைக் கழற்றித் தராசில் ஏறினார். கூட்டம் முடிந்ததும் பேசினோம். நான் கைவிட்டால் இளைத்தவரிடம் மறுபடி காசு கேட்பீர்கள், அதனால் முழுதும் விற்கவில்லை என்றேன். முகம் சுருங்கியது, எழுந்து போகவில்லை. நாத்தனார் பக்கத்தில் இருந்தாள். இவர் வழக்கம்போல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேரம் ஒரு மணி நேரம். முடிந்தது இப்படி:

நூற்றுக்கு நாற்பது பங்கு அவருக்கு, அறுபது எனக்கும் நாத்தனாருக்கும். விலை ஒன்றரை கோடி. பாதி கையெழுத்தன்று, மீதி ஆறு மாதத்தில். இளைத்தவரிடம் எந்த ஹாலிலும் ஒரு காசு வாங்கக்கூடாது. மாவு டப்பா வாசலுக்கு வெளியேதான்.