பதினான்கு ஏக்கர் புல்

12 மே 2025, திங்கள்

இந்த மாதம் எதையெல்லாம் எழுதவேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே வரிசை போட்டுக்கொள்கிறேன். இல்லாவிட்டால் ஒரு கவலை இன்னொன்றோடு கலந்துவிடுகிறது.

1. நிலம். எங்கள் ஊரில் மூடிப்போன தங்கச் சுரங்கமான மைசூர் மைன்ஸுக்குப் பின்னால் பதினான்கு ஏக்கர் புல்தரை. ராபர்ட்சன்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சௌந்தரம் அம்மாளுக்குச் சொந்தம். எங்கள் நிலப் பாதுகாப்புச் சங்கத்திடம் பத்து வருட ஒப்பந்தத்தில் விட்டிருக்கிறார். ஜூன் கடைசியில் கெடு முடிகிறது.

2. அவர் மகன் ஹேமந்த். பெங்களூரில் வேலை. நிலத்தை மனை போட்டு விற்றுவிடலாம் என்கிறான். பத்து வருடமாக அங்கே என்ன செய்தார்கள் என்று கேட்கிறானாம். ஆடுமாடு மேயாமல், குப்பை கொட்டாமல் பார்த்துக்கொண்டோம். அதைக் கண்ணுக்குக் காட்ட முடியாதே.

3. அதனால் எங்கள் தலைவர் நந்தகுமார் ஜூன் ஐந்தாம் தேதி, சுற்றுச்சூழல் தினத்தன்று, நிலம் முழுக்க மரக்கன்று நடுகிறார். முதல் கன்றைச் சௌந்தரம் அம்மாள் வைப்பார். ஏதாவது கண்ணில் பட்டால்தான் அவர் நிலத்தை மறுபடியும் தருவார்.

4. மரம் வந்தால் தூசி அடங்கும். இந்த ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றுக் காலத்தில், தங்கம் பிரித்த கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து பறந்து வந்து சோற்றுத் தட்டில் உட்காரும் வெளுத்த மண்ணைத் தின்றுதான் வளர்ந்தோம். வெட்டவெளி என்றால் தூசி, மரம் என்றால் பாதுகாப்பு. மற்றதில் எப்படியோ, இந்த ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை.

5. மடல். கோலார், கிருஷ்ணகிரி, சித்தூர்ப் பக்கத்துச் சிறு சங்கங்களுக்கு, எங்கள் சங்கச் செயலாளராக நான் மாதாமாதம் தொகுத்து அனுப்பும் செய்தி மடல் — எங்கே பயிற்சி, எங்கே உதவித்தொகை, எந்த ஏரியில் என்ன நடந்தது. இருபத்தோராம் தேதிக்குள் முடிக்கவேண்டும்.

6. நான். முப்பது வருடம் பூகோளம் நடத்தியவன். பிள்ளைகள் முன்னால் மட்டும்தான் குரல் வந்தது. பெரியவர்கள் கூட்டத்தில் எழுந்து பேசும் ஆள் நான் இல்லை.

14 மே, புதன்

கோலாரிலிருந்து அனுப்ரியா என்ற பெண் போன் செய்தாள். நாளையும் மறுநாளும் நடக்கும் புல்வெளிப் பாதுகாப்புப் பயிற்சியை நடத்துகிறவள். ஏப்ரல் மடலில் அந்த அறிவிப்பை முதல் பக்கத்தில் போட்டிருந்தேன்.

"ஊருக்கெல்லாம் நீங்கதான் சார் சொல்லி அனுப்புறீங்க. உங்க சங்கத்துல இருந்து மட்டும் யாரும் பேர் கொடுக்கலையே?" என்றாள்.

வெட்கமாகப் போய்விட்டது. மடலைக் கன்னடத்தில் மாற்றித் தரும் வின்னியைக் கேட்டேன். அவள் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் ராத்திரி திரும்புகிறவள். "லீவே இல்ல அங்கிள். நீங்க போங்களேன்." நந்தகுமாரைக் கேட்க அவருடைய ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். ஆணி நிறுத்துக்கொண்டே சிரித்தார். "மரம் வைக்கறதுக்கு இன்னா சார் டிரெய்னிங்? குழி தோண்டு, கன்ன வை, தண்ணி ஊத்து."

என் மனைவி லூயிசா மட்டும் உற்சாகமாக இருந்தாள். "போயிட்டு வாங்க. ரெண்டு நாளைக்கு இந்த வூட்ல யாரும் பெருமூச்சு வுடாம இருக்கட்டும்."

16 மே, வெள்ளி

இரண்டு நாளும் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டதன் சாரம்: மரமில்லாத நிலம் காலி நிலம் இல்லை. புல்வெளி தனக்கென்று ஒரு வாழ்வுள்ள இடம். அதில் மரம் நடுவது அதை அழிப்பதற்குச் சமம்.

வெளிமான்களைப் பற்றிப் பேசும்போது அனுப்ரியா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அதுக்குத் தூரம் தெரியணும் சார். நாய் எங்க வருதுன்னு பாத்துகிட்டேதான் மேயும். மரம் நின்னா பார்வை மறைஞ்சிடும். அப்புறம் அந்தப் பக்கமே வராது."

எங்கள் நிலத்தில் வெளிமான்கள் மேய்கின்றன. நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் தூசி? அவள் மைசூரில் வளர்ந்தவள். சயனைடு மேட்டைப் படத்தில்தான் பார்த்திருப்பாள். கேட்கலாமென்று கையைப் பாதி தூக்கினேன். அவள் பார்வை என் பக்கம் திரும்பியதும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

தேநீர் வேளையில் அவளே வந்து எங்கள் நிலத்தைப் பற்றி விசாரித்தாள். மரம் நடப்போகிறீர்களா என்றாள். இன்னும் முடிவாகவில்லை என்றேன். பொய். மரம் நட முடிவெடுத்த ஏப்ரல் கூட்டத்தில் நானும் கை தூக்கியிருக்கிறேன்.

17 மே, சனி

காலையில் நிலத்துக்குப் போனேன். ஜேசிபி நிற்கிறது. தெற்குப் பக்கம் குழிகள் வரிசை வரிசையாக இறங்கிவிட்டன. நந்தகுமார் குடை பிடித்துக்கொண்டு தானே மேற்பார்வை பார்க்கிறார். பாவம், சொந்தக் காசு போட்டிருக்கிறார்.

பயிற்சி எப்படி என்று கேட்டார். பயனுள்ளதாக இருந்தது என்றேன். எனக்கு மோர் வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

18 மே, ஞாயிறு

கோயிலிலிருந்து திரும்பும்போது லூயிசா கேட்டாள், நந்தகுமாரிடம் சொல்லிவிட்டீர்களா என்று. இல்லை என்றேன்.

"அப்ப இன்னாத்துக்குப் போனீங்க கோலாருக்கு? சாப்பாடு நல்லா இருந்துச்சா?"

சொன்னால் என்ன ஆகும்? நந்தகுமார் குழி தோண்டுவதை நிறுத்துவார். நிலத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. ஹேமந்த் மனை போடுவான். அப்போது புல்லும் போகும், மானும் போகும், மரமும் இருக்காது. சொல்லாவிட்டால் மரமாவது இருக்கும். மரம் இருந்தால் தூசியாவது அடங்கும். இப்படிக் கணக்குப் போட்டால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நியாயம் போலத் தெரிகிறது. எனக்குச் சாதகமான பக்கமே நியாயமாகத் தெரிவதுதான் உறுத்துகிறது.

20 மே, செவ்வாய்

ஒரு வழி தோன்றியது. மடலில் எழுதிவிடலாம். பயிற்சியில் கேட்டதைச் செய்தியாகப் போட்டால் நான் யாரையும் குறை சொன்னதாகாது. நந்தகுமார் படிப்பார். படித்துவிட்டு அவராகவே யோசிப்பார். எழுதும்போது எனக்குப் பயமில்லை.

21 மே, புதன்

அனுப்பிவிட்டேன். தலைப்பு: "புல்வெளியில் மரம் நடவேண்டாம் — கோலார் பயிற்சியில் அறிவுரை." எங்கள் நிலத்து மான்களைப் பற்றியும் இரண்டு வரி.

23 மே, வெள்ளி

நந்தகுமார் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. உள்ளே வாங்க என்றாள் லூயிசா, வாசலிலேயே நின்றார்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் போன் போட்டு, உங்கள் செயலாளரே மரம் வேண்டாமென்று எழுதியிருக்கிறார், நீங்கள் ஜேசிபி விட்டுத் தோண்டுகிறீர்களாமே என்று சிரித்தாராம். பங்காருப்பேட்டைச் சங்கமும் கேட்டதாம். இவர் அதுவரை மடலைத் திறந்தே பார்க்கவில்லை.

"மோர் வாங்கிக் குட்த்தேனே சார், அன்னிக்கி. குட்ச்சிகினு நின்னீங்களே. அப்ப சொல்றதுக்கு இன்னா?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"எங்கிட்ட சொல்ல பயம். ஊருக்கெல்லாம் சொல்ல பயம் இல்ல. இது இன்னா பயம் சார், எனக்குப் புரியல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். பிறகு சொன்னார்: மடல் ஹேமந்த் கைக்கும் போய்விட்டதாம். அவன் அம்மாவிடம் காட்டி, மரம் வைப்பதாகச் சொன்னார்களே, இப்போது அவர்கள் சங்கமே மரம் கூடாது என்கிறது, அப்புறம் எதற்கு நிலம் என்று கேட்டிருக்கிறான். ஜூன் ஒன்றாம் தேதி அம்மாவும் மகனும் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம்.

"நெலம் போச்சுன்னா உங்க மடல்ல அதையும் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லூயிசா கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

24 மே, சனி

தூக்கம் இல்லை. என்ன செய்துவிட்டேன்! மரமும் இல்லாமல், நிலமும் இல்லாமல் — ஒரு பக்கச் செய்தி. அதுதான் மிச்சமா?

27 மே, செவ்வாய்

ஜேசிபி நின்றுவிட்டது. மூன்றில் ஒரு பங்கு நிலம் குழியாகக் கிடக்கிறது. கன்றுகள் நந்தகுமார் கடையின் பின்கட்டில். அவர் கடை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு மார்க்கெட் போகிறேன். இந்த வயதில்!

மான்களைக் காணோம்.

31 மே, சனி

காற்று பிடித்துக்கொண்டது. ஜன்னல்களை அடைத்துவிட்டோம்.

1 ஜூன், ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. சௌந்தரம் அம்மாள் இறங்கினார். எழுபதைத் தொட்டிருப்பார், கடை கல்லாவில் உட்காரும் அதே நிமிர்வு. பின்னால் ஹேமந்த், கறுப்புக் கண்ணாடி. நந்தகுமார், நான், ஞாயிறாகையால் வின்னியும்.

நந்தகுமார் அவர்களை நேராகக் குழிகள் இருக்கும் பக்கம் அழைத்துப்போனார். செய்த வேலையைத்தானே காட்டமுடியும்? ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் தோண்டிய மண் குவியல். ஒரு காற்று வீசியது. அத்தனை குவியலும் ஒரே சமயத்தில் எழுந்து எங்கள் முகத்தில் வந்து அறைந்தன. அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். வாசனை கூட சயனைடு மேட்டுத் தூசி போலவே இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

"இதுக்குத்தானாம்மா பத்து வருஷம்?" என்றான் ஹேமந்த், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

அம்மாள் அங்கே நிற்க முடியாமல் வடக்கே நடக்க ஆரம்பித்தார், ஜேசிபி போகாத பக்கம். நாங்கள் பின்னாலேயே போனோம்.

அங்கேயும் அதே காற்றுதான். புல் படுத்துப் படுத்து எழுந்தது. அம்மாள் மெல்லத் தலைப்பை இறக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"இங்க ஏன் பறக்கல?"

நந்தகுமார் என்னைப் பார்த்தார். வின்னி என் முழங்கையைத் தொட்டாள்.

"புல்லு வேர் மண்ணப் பிடிச்சிகினு இருக்குதும்மா" என்றேன். என் குரல்தான். "அங்க நாங்க தோண்டிட்டோம்."

"யாரு தோண்டச் சொன்னது?"

நந்தகுமார் வாயைத் திறந்தார். அவர் சொல்வதற்கு முன் நான் சொன்னேன்: "சங்கந்தாம்மா. நானும் கைதூக்கியிருக்கேன்."

மான் வரும் என்று எழுதியிருந்தீர்களே, எங்கே என்று கேட்டார் அம்மாள். ஜேசிபி வந்த பிறகு வரவில்லை என்றேன். திரும்ப வருமா என்றார். தெரியாதும்மா என்றேன். வேறென்ன சொல்ல?

அம்மாள் குனிந்து புல்லை ஒரு பிடி பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. துணியைக் கசக்கித் தரம் பார்ப்பது போல விரலில் தேய்த்தார்.

"காத்துக் காலம் வந்தா வெள்ள வேட்டி ஒண்ணு கூட வெளிய எடுத்து வெக்க முடியாது எனக்கு. எடுத்தா சாயங்காலம் மண் நெறம். உங்கப்பா காலத்துலருந்து தட்டறேன்." இதை மகனிடம் சொன்னார். பிறகு, "மனை போட்டா இதையுந்தானே நோண்டுவாங்க?"

"ரோடு போட்ருவாங்கம்மா."

"ரோடு எத்தினி வருசத்துல போடுவான், உன் லேஅவுட்டுக்காரன்?"

ஹேமந்த் கறுப்புக் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டான். ஆண்டர்சன்பேட்டைக்கு அப்பால் அவன் நண்பர் போட்ட மனைகள் இன்னும் செம்மண்ணாகக் கிடப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

"மொதல்ல அந்தக் குழியெல்லாம் மூடுங்க" என்றார் அம்மாள் நந்தகுமாரிடம். "அப்பறம் பேசலாம்."

பிறகு காரில் ஏறிவிட்டார்.

3 ஜூன், செவ்வாய்

மூடிக்கொண்டிருக்கிறோம். இன்னும் ஒரு வார்த்தையும் வரவில்லை. முதுகு விட்டுப்போகிறது.

5 ஜூன், வியாழன்

விழா இல்லை. கடைசிக் குழியை மத்தியானம் மூடினோம். கன்றுகளை நந்தகுமார் சுரங்கத் தொழிலாளர்களின் பழைய லைன் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார், வாசலுக்கு ஒன்றாக.

சாயங்காலம் அவருக்குப் போன் வந்தது. சௌந்தரம் அம்மாள் மறுபடியும் நிலம் தருகிறார். பத்து வருடம் இல்லை, மூன்று. அதற்குள் மகன் மனம் மாறினால் அது வேறு, மாறாவிட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். நந்தகுமார் இதைச் சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் என்னோடு நடந்தார்.

"அடுத்த வாட்டி எழுதறதுக்கு மின்னாடி கடைக்கு வாங்க சார். டீ குட்ச்சிகினே என்னத் திட்டுங்க. அப்பறமா ஊருக்கு அனுப்புங்க."

சரி என்றேன்.

அனுப்ரியாவிடம் போனில் கேட்டேன். கிளறிய பகுதியில் முதலில் களைதான் வருமாம். பழைய புல் திரும்ப வருடக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாமாம். மான்களைப் பற்றி அவளும் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆகவே மூன்றில் ஒரு பங்கை நாங்கள்தான் கெடுத்திருக்கிறோம். அடுத்த மடலில் இதையும் அப்படியே எழுதவேண்டும். முதலில் நந்தகுமாரிடம் காட்டிவிட்டு.

பன்னிரண்டாம் தேதி போட்ட வரிசையை எடுத்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, ஐந்து சரி. மூன்றாவது பாதி சரி; அம்மாள் கண்ணால் ஒன்றைப் பார்க்கத்தான் விரும்பினார். ஆறாவதைப் பற்றி எனக்கு இன்னும் தெரியவில்லை.

நான்காவது தவறு. சயனைடு மேட்டுப் பக்கம் மரம் வேண்டியிருக்கலாம். அது எனக்குத் தெரியாது. இந்த நிலத்தில் தூசியைப் பிடித்துவைத்திருந்தது புல். மரத்துக்காக நாங்கள் தோண்டிய இடத்திலிருந்துதான் தூசி வந்தது. வரியை அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. ஓரத்தில் "தவறு" என்று எழுதி, இன்றைய தேதியைப் போட்டேன்.