உலர்த்திய மாதிரிகள்

2081 மார்ச் 11, காலை 6.40. சோதித்த மாதிரிகள் 4,117. தேறாதவை 0.

தவசீலன், நிரப்புமண் சோதனைப் பிரிவு. கைவிட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் மூன்றாம் குழியை இடித்த கட்டடங்களின் தூளால் நிரப்புகிறோம். பாதிக்கு மேல் பழைய கான்கிரீட், விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும் வகை. அதற்குள் சுண்ணாம்பு சுரக்கும் நுண்ணுயிர்கள் இருந்தன. அவை எப்போதோ செத்துவிட்டன என்று சான்று கொடுத்திருக்கிறோம், கையெழுத்து என்னுடையது.

இன்று குழியடியில் இருக்கும் பம்ப் அறைக்கு இறங்கினேன். ஆபரேட்டர் அஞ்சலாட்சி அக்கா. ஒரு மாதிரி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சீக்கிரம் முடித்தால் மேலே போய் இட்லி.

காலை 9.15

வெளியே போகும் சுரங்கப்பாதை அடைத்துவிட்டது. மண்சரிவு இல்லை. கூரை விரிசலில் இறங்கிய சேறு இறங்கியபடியே இறுகி வெள்ளைச் சுவராக நிற்கிறது. கடப்பாரையால் குத்தினேன். பள்ளம் விழுந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால் பள்ளத்தைக் காணோம்.

அக்கா கையால் தடவிப் பார்த்தார். "புண்ணு ஆறுற மாதிரி ஆறுது பாரு தம்பி."

காலை 11.30

சுவரில் சுரண்டிய ஈரத்தூளைக் கையடக்கச் சோதனைக் கருவியில் போட்டேன். உயிரோடு இருக்கிறது. ஆக்சிஜனை உறிஞ்சுகிறது. மாதிரி 4,118. தேறவில்லை.

நாங்கள் எப்படிக் கவனிக்காமல் விட்டோம்? விதி அப்படி. ஈரம் இருந்தால் எடை தப்பும் என்று ஒவ்வொரு மாதிரியையும் முதலில் 105 டிகிரி அடுப்பில் ஒரு நாள் உலர்த்துவோம். மற்ற சோதனை எல்லாம் அதற்கப்புறம்தான். நாலாயிரத்துச் சொச்சம் பிணங்களைப் பார்த்து, அசைவில்லை, பாதுகாப்பானது என்று எழுதியிருக்கிறோம். முட்டாள்கள்.

மேலே இருக்கும் மேலாளர் சிவசிதம்பரத்துக்குப் போன் போட்டேன்.

"ஈர மாதிரியெல்லாம் கணக்குல வராதுப்பா. மேல கொண்டாந்து உலர்த்திக் குடு."

"சார், நானே உள்ளதான் மாட்டிக்கிட்டிருக்கேன். என்னையும் சேர்த்து உலர்த்திடுங்க."

"கோவப்படாத. துளை வண்டி கெளம்பிடுச்சு."

"தண்ணி ஊத்தாம துளைக்கச் சொல்லுங்க. தண்ணி பட்டா வளரும் சார், இது வளரும்!"

"தண்ணி இல்லாம துளைச்சா துளைமுனை கருகிடும்யா. வேலை தெரிஞ்சவன் பேசுற பேச்சா இது?"

அத்தோடு இணைப்பு அறுந்தது. போன் கம்பி அந்தச் சுவருக்குள்ளேதான் போகிறது.

பிற்பகல் 2.50. ஆக்சிஜன் 18.3 சதவீதம்.

துளைக்கும் சத்தம் கேட்டது. சுவரில் தண்ணீர் கசிந்தது. பிறகு சத்தம் மங்கிக்கொண்டே போனது. அவர்கள் விலகிப் போகவில்லை. சுவர் தடித்துக்கொண்டிருக்கிறது.

அக்காவுக்கு இந்தக் குழிக்கு மேலேதான் வீட்டுமனை ஒதுக்கியிருக்கிறார்கள். "நிரப்பி முடிக்கட்டும், குடி வரலாம்னாங்க. நான் முந்திக்கிட்டேன்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

மாலை 4.20. 17.1.

தலை இடிக்கிறது. எழுத்து கோணுகிறது. மன்னிக்கவும், படிக்க முடிந்ததைப் படியுங்கள்.

அக்கா பம்புக்குப் பின்னால் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒளித்து வைத்திருக்கிறார். டீ போட. சுரங்கத்தில் தீ கூடாது, தெரிந்தால் வேலை போகும். ஒரு நிமிடம் கொளுத்திச் சுவரில் காட்டினோம். சூடு பட்ட இடம் சாம்பல் நிறமாகி உதிர்ந்தது. மறுபடி மூடவில்லை. செத்துவிட்டது. அடுப்புச் சூடு கொல்கிறது, இத்தனை நாளாக எங்களை ஏமாற்றிய அதே சூடு.

ஆனால் ஸ்டவ்வும் எங்கள் காற்றைத்தான் தின்னும். பதினாறுக்குக் கீழே போனால் எரியவே எரியாது. காத்திருக்கலாம் என்றால் அவர்கள் இன்னும் தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள்.

அக்கா சொன்னார்: "பத்த வச்சிடு தம்பி. சும்மா குந்திக்கிட்டுச் சாவறதுக்கு இது தேவல." சொல்லிவிட்டுச் சுவரோரம் சாய்ந்தார். தூங்குகிறார். தூக்கம்தான். மூச்சு வருகிறது.

சுவர் நாலடியாவது இருக்கும். எண்ணெய் ஓரடிக்குக்கூடக் காணாது. ஒரு கை நுழையும் அளவு ஓட்டை போட்டு ஒரு பாட்டிலை உள்ளே வைத்தால் போதும், பின்னால் தோண்டுகிறவர் கைக்குக் கிடைக்கும்.

இனிச் செய்யப்போவது:

1. அக்காவின் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுப்பேன். எழுப்பமாட்டேன்.
2. ஸ்டவ்வைச் சுவரோடு ஒட்டி வைப்பேன். அணைகிற வரை.
3. ஓட்டைக்குள் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் பாட்டிலைத் தள்ளுவேன். உள்ளே இந்தத் தாள்கள், கூடவே மாதிரி 4,118, ஈரத்தோடு. உலர்த்தாமல் சோதியுங்கள்.
4. சுற்றியிருக்கும் ஈரச்சுவர் வளர்ந்து ஓட்டையை மூடிக்கொள்வதற்குள் கையை வெளியே எடுத்துவிடுவேன்.