குளிருடுப்பின் பாரம்

மொன்றியல்
21.01.1996

அன்பு மகள் வதனிக்கு,

நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் மெல்பேணில் நலமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். வில்லரே பகுதியில் நாங்கள் இருக்கும் வீட்டின் வெளிப்படிகளில் பனி இறுகிக் கிடக்கிறது, உப்புப் போட்டும் பயனில்லை, அம்மா கைபிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்குகிறாள், நான் கீழே நின்று பார்க்கிறேன். சொல்ல வேண்டியதைத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்று உனக்கு விளங்கியிருக்கும். பெப்ரவரியில் நடக்கவிருந்த முழங்கால் சத்திரசிகிச்சை நின்றுவிட்டது. நிறை கூடியிருக்கிறது, இனிக் கோடை கழியட்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மே மாதம் உன் பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வரமாட்டாள் வதனி. அதற்குக் காரணம் நான்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நிறையைக் குறைக்க வேண்டுமென்று டொக்டர் சொன்னதால் கோடையில் அம்மா சோற்றைப் பாதியாக்கி, தேங்காய்ப்பாலை விட்டு, ஒழுங்காக மெலிந்துகொண்டு வந்தாள், உனக்கும் எழுதியிருந்தேன். குளிர் தொடங்கியதும் கிளினிக் தராசு அதற்குமேல் இறங்காமல், அசையாமல் நின்றுவிட்டது. சட்டை லூசாக் கிடக்கப்பா என்று அம்மா சொன்னாள், வோஷிங் மெஷின் இழுத்திருக்கும் என்று நான் சொன்னேன். கடைக்காரர் அருமைநாதன் சொன்ன கதை என் தலையில் ஏறியிருந்தது. பட்டினி கிடந்தால் உடம்பு பயந்துபோய் எல்லாவற்றையும் கொழுப்பாகப் பதுக்குமாம், வயிறாரச் சாப்பிட்டால்தான் திரும்ப எரிக்கத் தொடங்குமாம். அவர் சும்மா கதையோடு கதையாகச் சொன்னார், நான்தான் வகுப்பில் நிற்கிறவன்போல நின்று அதை அம்மாவுக்கு விளக்கினேன். காலையில் புட்டும் வாழைப்பழமும், இடையில் கச்சான் கடலை, பின்னேரம் உழுந்து வடை, படுக்கமுன் பால். எனக்குப் பசிக்கேல்லை, காணும் என்று அவள் சொன்னால் பசி செத்துப்போனதே பட்டினியின் அடையாளம் என்றேன். மார்கழி முழுக்க இப்படித்தான்.

போன கிழமை முழங்காலைப் பரிசோதிக்க வேண்டுமென்று தாதி றோஸ்மேரி அம்மாவைத் திரைக்குள் அனுப்பி கவுன் மாற்றச் சொன்னாள். இவ்வளவு நாளும் அந்நியர் முன்னால் எதையும் கழற்ற வெட்கப்பட்டு, கோட்டையும் சப்பாத்தையும் மட்டும் கழற்றிவிட்டுத்தான் அம்மா தராசில் ஏறினவள். திரைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக என் கையில் தந்தாள். இரண்டு கம்பளிச் சுவெற்றர், சேலை, அதற்குள் அவள் போட்டிருந்த என்னுடைய தடித்த காற்சட்டை, அதற்குள்ளும் நீளக் காலுறை. கை சோர்ந்துவிட்டது. அவளைத் தராசில் நிறுத்துவிட்டு றோஸ்மேரி வெளியே போனதும் அந்தப் பொட்டலத்தைத் தூக்கித் தராசில் வைத்தேன், மூன்று கிலோ காட்டியது. கோடையில் அம்மா மெல்லிய வொயில் சேலையோடு ஏறினவள். அப்படியென்றால் தராசு அசையாமல் நின்ற நாட்களிலும் அவள் மெலிந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள், குறைந்த நிறையை என் காற்சட்டையும் சுவெற்றரும் மறைத்திருக்கின்றன. இப்போது வெறும் கவுனோடு ஏறியும் கோடை முடிவில் இருந்ததைவிடக் கூடக் காட்டியது. அது நான் சாப்பாடாய்த் தீத்தியது.

சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும்தான், ஆனால் உள்ளே போகாத சாப்பாட்டிலிருந்து கொழுப்பை உண்டாக்காது என்று டொக்டர் பொறுமையாகச் சொன்னார். சக்தியை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது என்று யாழ்ப்பாணத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான், நீயும் என் வகுப்பில் இருந்தவள். அந்த அறையில் எனக்கு முகத்தை நிமிர்த்த முடியவில்லை, இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. போன கடிதத்தில் பட்டினியைப்பற்றி உனக்கு எழுதிய புத்திமதியைக் கிழித்துப் போடு, எதையும் உன் டொக்டரிடம் கேட்டுச் செய்.

அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாயிருக்கும். திரும்பவும் பாதிச் சோறு தொடங்கிவிட்டாள், நான் கோப்பை கழுவுவதோடு சரி, சாப்பாட்டைப்பற்றி வாய் திறப்பதில்லை. அன்று கிளினிக்கிலிருந்து திரும்பி வரும்போது மெற்றோ ரயிலில் அவள் சொன்னது ஒன்றுதான். டொக்டருக்கு நேரமில்லையாம், அதாலைதான் தள்ளிப் போட்டவர் எண்டு பிள்ளைக்கு எழுதுங்கோ, இல்லாட்டி அவள் உங்களைப் பிழையா நினைச்சுப் போடுவாள் என்றாள்.

பிள்ளை சுகமாய்ப் பிறக்கவும், உனக்கு ஒரு குறையும் வராதிருக்கவும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். இரும்புச்சத்துக் குளிசையை மறக்காதே. இன்னொன்று, அடுத்த முறை போன் எடுக்கும்போது அம்மா டொக்டரைத்தான் குறை சொல்லுவாள். நீ இந்தக் கடிதத்தைப் பற்றிக் காட்டிக்கொள்ளாமல் ஓம் அம்மா என்று மட்டும் சொல்லு.

உன்மீது அன்பும், உன் அம்மாவிடம் வெட்கமும் உள்ள,
அப்பா
தியாகராசா