நீந்தக் கற்ற அம்மா

பெப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, சோறு வைத்துவிட்டு, மறுபடியும் ஷெல்டனின் கணினி முன்னால் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பற்றிக் இறந்த பிறகு இந்த வீட்டில் சத்தம் என்றால் மகனுடைய விளையாட்டுச் சத்தம்தான். அவனும் ருமேனியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். தூசு தட்டத்தான் முதலில் இதைத் திறந்தேன். உள்ளே ‘ஒன்பதாம் துறைமுகம்’ இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் சாப்பாட்டை மறந்து விளையாடியது. அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் போய் நானும் கப்பல் ஓட்டப் பழகிவிட்டேன். இப்போது அதை வைத்துக் கதையும் எழுதுகிறேன். நாற்பத்தாறு வயதுப் பொம்பிளை! நான் வேலை செய்கிற கிளினிக்கில் தெரிந்தால் சிரிப்பார்கள்.

அந்த விளையாட்டின் ரசிகர்கள் தமிழில் கதை போடும் பக்கம் ஒன்று இருக்கிறது. இந்தக் கணினியில் அது ஷெல்டனின் கணக்கில்தான் திறக்கும். அதிலேயே நானும் போடுகிறேன். இன்று அங்கே வந்ததையெல்லாம் வாசித்தேன். விளையாட்டின் நாயகன் கப்டன் ஆரன் எதிரி இளவரசியைக் கட்டுகிறான். கப்டன் ஆரன் செத்துப் பிழைக்கிறான். கப்டன் ஆரன் கண் விழித்தால் கொழும்பில் இருக்கிறான். எல்லாரும் ஒரே கிணற்றில் வாளி விடுகிறார்கள். யாரும் தொடாத ஒன்று எனக்கு வேண்டும். எங்கே போய்த் தேட?

பெப்ரவரி 12, போயா

பௌர்ணமி விடுமுறை, கிளினிக் இல்லை. சண்டை போடாமல், கப்பல் ஏறாமல், விளையாட்டின் நாலாம் துறைமுகத்தில் சும்மா நின்று பார்த்தேன். பொழுது சாய்ந்ததும் ஒரு ஆள் தெருவிளக்குகளை ஏற்றிக்கொண்டு போகிறான். பின்னாலேயே போனேன். கடைசி விளக்கைத் தாண்டி மதில் பக்கம் திரும்பி மறைந்துவிட்டான். பேச்சுக் கொடுத்தால் அவனிடம் இருப்பது ஒரே வரி: “காற்று மாறுது.” பெயர்கூடக் கிடையாது.

நான் பல் வைத்தியரின் வாசலில் இருந்து நாள் முழுக்க நம்பர் கூப்பிடுகிறவள். வந்து போகிறவர்களின் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவர்களுக்கும் தெரியாது. இவனுக்கு ஒரு பெயர் வைத்தால் என்ன?

ஷெல்டன் அழைத்தான்.

“சாப்பிட்டீங்களாம்மா?”

“சாப்பிட்டேன் மகன்.”

“சரிம்மா, வேலைக்கு நேரமாச்சு.”

வைத்துவிட்டான். நான்தான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

பெப்ரவரி 20, வியாழன்

விளக்கு ஏற்றுகிறவனின் கதையைப் போட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் எழுதியிருந்தாள்: “இந்த ஆள நானும் பாத்தீக்கிற. அவருக்கும் ஒரு வீடு ஈக்குமே எண்டு நெனக்கவே இல்ல.”

பெயர் நுஹா. ஊர் அலவத்துகொட. டிகிரி முடித்துவிட்டு டீச்சர் வேலைக்கு நியமனம் வரும்வரை வீட்டில் இருக்கிறாளாம். வாப்பா முனாப்புக்கு டயர் கடை. அண்ணன் என்று நினைத்து ‘ஷெல்டன் நானா’ என்று கூப்பிட்டாள். நான் அவனுடைய அம்மா என்று எழுதினேன். பிறகு, “அப்ப ஆன்டி எண்டு சொல்றேன்” என்றாள்.

பெப்ரவரி 26

ஒன்றும் வரவில்லை. மழையும் இல்லை, கதையும் இல்லை.

மார்ச் 5, விபூதிப் புதன்

நுஹாவோடு இன்று சண்டை மாதிரி ஒன்று. அவள் நோன்பு, நான் விபூதிப் புதனுக்கு ஒருசந்தி விரதம். இரண்டு பேருக்கும் பசி என்று வைத்துக்கொள்ளலாம்.

அவள்தான் தொடங்கினாள். விளையாட்டின் தொடக்கத்தில் கப்டன் வீட்டை விட்டுப் புறப்படும்போது அவனுடைய அம்மா வாசலில் நின்று கையசைப்பாள். அதோடு சரி, கடைசி வரை அவள் வரமாட்டாள். “அவள எழுதுங்க ஆன்டி.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளைத்தான் எல்லாரும் எழுதிவிட்டார்களே! வாசலிலேயே நின்று அழுது அழுது கண் தெரியாமல் போகிற அம்மா, மகன் வந்ததும் மடியில் உயிர் விடுகிற அம்மா. எனக்கு அந்தப் பொம்பிளை வேணாம். அழுற அம்மாவ நான் எழுத மாட்டேன். அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

“அப்ப அழாத அம்மாவ எழுதுங்களே” என்று பதில் வந்தது.

அவன் கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகு அவள் என்ன செய்திருப்பாள்? அன்றைக்கு மத்தியானம்? அடுத்த நாள்? கதவைச் சாத்திவிட்டு எங்கேயாவது போயிருப்பாளா? கடற்கரையில் பிறந்தவள், நீந்தத் தெரியுமா அவளுக்கு?

இதை யாரும் கேட்கவில்லை. ஒருத்தருமே கேட்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

‘நீந்தக் கற்ற அம்மா’ போட்ட நாளிலிருந்து பக்கம் நிறையப் பேர். கப்டனின் அம்மா மகனுடைய அறையை ஒரு மீனவப் பெண்ணுக்கு வாடகைக்கு விடுகிறாள், அவளிடமே நீந்தப் பழகுகிறாள். முதல் தரம் கால் தரையை விட்டு எழும்புகிற இடத்தைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். “ஷெல்டன் அண்ணா, ஒரு தாயோட மனசு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஒருவன் கேட்கிறான். தனியே இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது.

மார்ச் 22, சனி

எல்லாம் போய்விட்டது.

காலையில் திறந்தால் கடவுச்சொல் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் ஷெல்டனே அழைத்தான். “அம்மா, எவனோ என்னோட எக்கவுண்ட்டுக்குள்ள பூந்து கதை எழுதியிருக்கான்மா. இங்க கூட வேலை செய்ற பொடியன்தான் காட்டுனான். ஒரே வெக்கமா போச்சு. எல்லாத்தயும் அழிச்சு எக்கவுண்ட்டையே மூடிட்டேன். நீங்க அந்தக் கம்பியூட்டர தொறக்காதீங்க, சரியா?”

“நல்லது மகன்” என்றேன்.

நல்லதா? ஏன் எனக்கு வாய் வரல்ல? நான்தான்டா அதுன்னு சொன்னா என்ன? வெக்கமா போச்சுன்னு சொல்லிட்டானே, அதுக்குப் பிறகு எப்படிச் சொல்றது. ஒரு பிரதிகூட எடுத்து வைக்கல்ல நான். போனாப் போகுது — இல்ல, போனாப் போகுதுன்னு விட முடியல்ல.

மார்ச் 24

நுஹாவின் நம்பர் என்னிடம் இல்லை. பேசியதெல்லாம் அந்தக் கணக்குக்குள்தான்.

மார்ச் 31

இன்று நுஹா வீட்டில் நோன்புப் பெருநாள். யாரிடம் வாழ்த்துச் சொல்ல?

ஏப்ரல் 5, சனி

மாத்தளை பஸ் ஏறி அலவத்துகொடயில் இறங்கினேன். டயர் கடை முனாப் என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “மகளுக்கு நீங்க யாரு?” என்றார். வழியெல்லாம் யோசித்த பதில் மறந்துவிட்டது. “நாங்க ரெண்டு பேரும் கதை எழுதுறோங்க” என்றேன். அவர் உள்பக்கம் திரும்பி, “நுஹா! ஒண்ட கப்பல் ஆன்டி வந்தீக்கிறாங்க” என்று கூப்பிட்டார்.

ஓடி வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். “நீங்க என்னய ப்ளொக் பண்ணிட்டீங்கண்டுதான் நான் நெனச்ச.” கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கும்தான்.

கதை அழிந்ததைச் சொன்னேன். அவளிடமும் பிரதி இல்லை. ஆனால் அவளுடைய உம்மா அபீபா தேத்தண்ணி கொண்டுவந்து, “அதென்ன கதை?” என்று கேட்க, நுஹா சொல்லத் தொடங்கினாள். பாதி பிழை. நான் எழுதாத புயல் ஒன்று வந்தது. அவள் சொன்ன கதையின் அம்மா அடுத்த துறைமுகம் வரைக்கும் நீந்திப் போய் அங்கே சாப்பாட்டுக் கடை போட்டுவிட்டாள். நான் திருத்தவில்லை. என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

உம்மா கேட்டார்: “அப்ப மகன் திரும்பி வந்தா, அந்தக் கடையில அவனும் காசு குடுத்துத்தானா சாப்பிடுற?”

அடுத்த கதை கிடைத்துவிட்டது என்று நானும் நுஹாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்த விளையாட்டைக் கண்ணாலும் காணாத மனுசி!

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

ஷெல்டனிடம் சொன்னேன். “அந்தக் கதை எழுதினது நான்தான் மகன்.”

“அந்த நீந்துற அம்மாவும் நீங்களா? அழிக்க முன்ன அத வாசிச்சேன்மா.”

“எப்படி இருந்துச்சு?”

“அவளுக்கு மகன் மேல கோவமாம்மா?”

“கோவம் இல்லடா. அவளுக்கு வேலை இருந்துச்சு, அவ்வளவுதான்.”

அழிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டான். கொஞ்சம் அழுதான் என்று நினைக்கிறேன். வேலைக்கு நேரமாச்சு என்று இன்று அவன் சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

எழுத நேரமில்லை. நுஹாவும் உம்மாவும் மத்தியானம் வருகிறார்கள், கடையைப் பூட்டிவிட்டு முனாப்பும் வருகிறாராம். சாப்பாட்டுக் கடைக் கதைக்கு இன்று முடிவு வைத்தாக வேண்டும். என் பெயரும் நுஹாவின் பெயரும் சேர்த்துப் போடுவதாகப் பேச்சு. வீட்டில் உட்காரக் கதிரை போதாது. இரவல் கேட்கப் பக்கத்து வீட்டுக் கதவை இன்றுதான் முதல் தடவையாகத் தட்டினேன். நிரோஷா என்று ஒரு பிள்ளை திறந்தாள்.

“வீட்டுல ஏதும் விசேஷமாங்க?” என்றாள்.

“ஆமா” என்றேன்.